5 மணித்தியாலம், 18 வருடம்

போன தவக்காலத்தில எங்கட இளைஞர் குழுவில ஒரு படம் போட்டம். மார்ட்டின் ஸ்கோர்செசி 2016இல் எடுத்த ‘சைலன்ஸ்’. கனபேர் பார்த்திருப்பீங்கள். யப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட காலத்தில், தங்கட ஆசிரியரான ஒரு குருவானவர் விசுவாசத்தை மறுதலித்துவிட்டார் என்ற செய்தியை நம்ப ஏலாமல், அவரைத் தேடிப் போகிற இரண்டு இளம் குருக்களின் கதை. படம் முடிய லைற்றைப் போட்டால் ஒருத்தரும் எழும்பேல்ல. பிறகு வழமைபோல சண்டை தொடங்கிச்சு.

“நான் எண்டால் முதல் நாளே அந்தப் படத்தை மிதிச்சிட்டு வீட்ட போயிருப்பன்” எண்டான் ஒருத்தன். எல்லாரும் சிரிச்சம். இன்னொருத்தன் சிரிக்கேல்ல. “அந்தப் பெரிய குரு அஞ்சு மணித்தியாலம்தானே தாங்கினவர்? இவ்வளவு காலம் சனத்துக்குப் பிரசங்கம் வைச்சிட்டு அஞ்சு மணித்தியாலமோ?” எண்டு கேட்டான். அப்ப பின்னால இருந்த அக்கா ஒராள் ஒரு கேள்வி கேட்டா: “அண்டைக்கு அவர் மட்டும்தானோ தொங்கினவர்? பக்கத்தில வேற ஆக்கள் இருந்திருப்பினமே. அவையளுக்கு என்ன நடந்தது?”

எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியேல்ல. அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

குழிக்கு மேலே

முதலில் அந்தப் பெரிய குருவைப் பற்றி. பெயர் கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ரா. கற்பனைப் பாத்திரம் இல்லை, உண்மையில் வாழ்ந்தவர். போர்த்துக்கல்லில் பிறந்து, 1596இல் இயேசு சபையில் சேர்ந்து, 1609இல் யப்பானுக்கு வந்தவர். 1614இல் தொக்குகாவா ஆட்சி கிறிஸ்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்து, குருக்களைக் கப்பல் ஏற்றி அனுப்பியபோது, போகாமல் ஒளித்திருந்து பணி செய்த சிலரில் அவரும் ஒருவர். பிடிபடும்போது யப்பானில் இருந்த இயேசு சபையினருக்கு அவர்தான் தலைவர்.

இன்னொரு விஷயமும் இருக்கு. மற்றவர்களுடைய வேதசாட்சி மரணங்களைப் பற்றி விவரமாக எழுதி வெளியே அனுப்பியவர்களில் ஃபெரெய்ராவும் ஒருவர். உன்சென் மலையில் கொதிக்கிற கந்தக நீரூற்றுகளில் வைத்து விசுவாசிகளையும் குருக்களையும் வதைத்தார்கள். அவர்கள் அசையாமல் நின்றதை 1632இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் அவர்தான். அதாவது, விசுவாசத்தில் உறுதியாக நிற்பது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

1633 ஒக்டோபர் 18. நாகசாகியில் நிஷிசாக்கா குன்று. 1597இல் 26 பேர் சிலுவைகளில் கொல்லப்பட்ட அதே இடம். அங்கே குழிகள் தோண்டி, உடலை இறுக்கிக் கட்டி, தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டார்கள். இரத்தம் தலைக்கு ஏறி உடனே சாகாமல் இருக்கச் சிறு காயம் ஒன்று கீறிவிடுவார்கள். மெல்ல மெல்ல வடியும். ஒரு கையை மட்டும் கட்டாமல் விடுவார்கள், மறுதலிக்க விரும்பினால் சைகை காட்ட. அந்தக் கொடுமையின் மையமே அந்தக் கைதான். சாவு வரும்வரைக்கும் “போதும்” எண்டு சொல்ல ஒரு வழி திறந்தே இருக்கும்.

5 மணித்தியாலத்தின் பின் ஃபெரெய்ரா சைகை காட்டினார்.

அதே நாளில் அதே குன்றில் வேறு குருக்களும் துறவிகளும் தொங்கினார்கள். அவர்களில் ஒருவர் யப்பானியர். வயது 65ஐ நெருங்கியவர். பெயர் நாகவுரா ஜூலியன். அவர் சைகை காட்டவில்லை. 4ஆம் நாள், ஒக்டோபர் 21ஆம் திகதி, குழியிலேயே இறந்துபோனார். “ரோமைக் கண்ட நாகவுரா ஜூலியன் நான்தான்” என்று கொலைக்களத்தில் அறிவித்தார் என ஒரு பாரம்பரியம் சொல்கிறது.

ரோமை எப்போது கண்டவர்? அதற்கு 51 வருடம் பின்னால போகவேண்டும்.

நாலு பெடியங்கள்

1549இல் பிரான்சிஸ் சவேரியார் யப்பானில் இறங்கினார். அதற்குச் சில வருடம் முன்புவரை முத்துக்குளித்துறைக் கரையில் பரவர் மக்களிடையே பணி செய்த, மன்னாருக்குத் தன் சார்பில் ஒரு குருவை அனுப்பிய அதே சவேரியார்தான். அவர் விதைத்தது 30 வருடத்தில் கியூஷு தீவில் பெரிசாக வளர்ந்துவிட்டது. அங்கே சில சிற்றரசர்களே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள்.

அந்த நேரத்தில் இயேசு சபையின் கீழைத்தேய மேற்பார்வையாளராக இருந்த வலிஞானோ ஒரு திட்டம் போட்டார். யப்பானியப் பெடியங்கள் நாலு பேரை ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பரசருக்குக் காட்டவேண்டும். ஐரோப்பா யப்பானைக் காணவேண்டும், யப்பான் ஐரோப்பாவைக் காணவேண்டும். இத்தோ மான்சியோ, சிஜிவா மிகேல், ஹாரா மார்ட்டின், நாகவுரா ஜூலியன். எல்லாருக்கும் 13, 14 வயதுதான். எங்கட கணக்கில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள்.

1582 பெப்ரவரியில் நாகசாகியில் கப்பல் ஏறினார்கள். மக்காவு, மலாக்கா, கொச்சி, கோவா என்று வந்து, ஆபிரிக்காவைச் சுற்றி, 1584 ஓகஸ்டில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்பெயின் அரசரைச் சந்தித்தார்கள். 1585 மார்ச்சில் பாப்பரசர் 13ஆம் கிரகோரி அவர்களை வரவேற்றார். ரோமே திரண்டு பார்த்த நாள் அது. அந்தப் பெரிய வரவேற்பில் நாலு பேரில் ஒருவர் இல்லை. நாகவுராவுக்குக் கடும் காய்ச்சல். அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய நாளாக இருந்திருக்கவேண்டிய சடங்கு அவர் இல்லாமலேயே நடந்து முடிந்தது. இந்தச் சின்ன விஷயத்தை மறக்காமல் வைத்திருங்கோ.

திரும்பி வரும் வழியில் 1587இல் கோவாவில் ஹாரா மார்ட்டின் இலத்தீனில் ஒரு உரை ஆற்றினார். அது அச்சாகியும் வந்தது. 1590இல் நாகசாகியில் இறங்கினபோது அவர்களோடு ஐரோப்பிய அச்சு இயந்திரம் ஒன்றும் வந்து இறங்கிச்சு. போகும்போது பெடியங்கள், வரும்போது 21, 22 வயது இளைஞர்கள்.

ஆனால் அவர்கள் விட்டுப்போன நாடு இப்போது இல்லை. 1587இல் ஹிதேயோஷி குருக்களை வெளியேறச் சொல்லிக் கட்டளை போட்டிருந்தார். அவர்களை அனுப்பிவைத்த சிற்றரசர்களில் இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஹிதேயோஷி அவர்களைக் கூப்பிட்டு, ஐரோப்பிய வாத்தியங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு ரசித்தார். ஆனால் கட்டளை அப்படியே இருந்தது.

1591இல் நாலு பேரும் ஒன்றாக இயேசு சபையில் சேர்ந்தார்கள்.

சத்தமில்லாமல் போனவர்

இந்த நாலு பேரின் முடிவையும் பக்கத்தில பக்கத்தில வைத்துப் பாருங்கோ. ஒரே வயது, ஒரே பயணம், ஒரே பயிற்சி.

இத்தோ மான்சியோ 1608இல் குருவானார். 1612இல் நோய்வாய்ப்பட்டு நாகசாகியில் இறந்தார். பெரிய தடை வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஹாரா மார்ட்டினும் 1608இல் குருவானார். மொழியில் கெட்டிக்காரர், மொழிபெயர்ப்பிலும் அச்சுப் பணியிலும் உழைத்தவர். 1614இல் மக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, திரும்பவும் ஊரைக் காணாமலே 1629இல் அங்கே இறந்தார்.

நாகவுரா ஜூலியனும் அதே 1608இல்தான் குருவானார். அப்போது வயது ஏறக்குறைய 40. ரோம் போய் வந்த பிரபலம் எண்டதுக்காக ஒருத்தரும் அவசரப்பட்டு அவரைக் குருவாக்கவில்லை.

நாலாவது, சிஜிவா மிகேல். அவர் குருவாகவே இல்லை. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் சபையை விட்டு வெளியேறினார். பிறகு ஓமுரா சிற்றரசரிடம் வேலைக்குச் சேர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளும் பிறந்தார்கள். 1606இல் அந்தச் சிற்றரசர் குருக்களைத் தன் நாட்டை விட்டு வெளியேற்றினபோது, அதற்கு ஆலோசனை சொன்னவர் மிகேல் என்று பேச்சு இருந்தது.

இங்க கவனிக்கவேண்டியது, மிகேலை ஒருத்தரும் குழியில தொங்கவிடேல்ல. கொதிதண்ணி ஊற்றேல்ல. உடம்பு சுகமில்லாமல் இருந்ததாகவும் படிப்பில பின்தங்கினதாகவும் சொல்லுகினம். ஐரோப்பாவிலும் வழியிலும் கண்டவை அவருக்குள் கேள்விகளை உண்டாக்கியிருக்கலாம் என்றும் சிலர் எழுதுகினம். எதுவாயிருந்தாலும், அது ஒரு நாளில் நடந்த விஷயம் இல்லை. ஒன்றாகப் படிச்சவர்கள் முன்னால போக, தான் மட்டும் பின்னால நிக்கிற வருடங்களில் நடந்தது.

பணியில் இருந்து விழுவதைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் எப்பவும் பெரிய பெரிய காட்சிகளைத்தான் யோசிக்கிறம். கத்தி, நெருப்பு, குழி. ஆனால் எங்கட பங்குகளில விட்டுப்போனவர்களை நினைச்சுப் பாருங்கோ. ஞாயிறு மறைக்கல்வி படிப்பிச்ச அண்ணா, பாடகர் குழுவைக் கட்டியெழுப்பின அக்கா, குருமடத்துக்குப் போய்ப் பாதியில் வந்த நண்பன். ஒருத்தரையும் ஒருத்தரும் வதைக்கேல்ல. களைப்பு, தனிமை, பொறுப்பில் இருந்த யாரோ சொன்ன ஒரு கடும் சொல், பதில் கிடைக்காத ஒரு கேள்வி. ஒருநாள் வரேல்ல. அடுத்த கிழமையும் வரேல்ல. பிறகு நாங்களும் கேக்கிறதை விட்டிட்டம்.

ஒன்று சொல்லவேண்டும். சபையை விட்டு வருவதும் விசுவாசத்தை விடுவதும் ஒன்றில்லை. மிகேலின் விஷயத்திலேயே இது அவ்வளவு தெளிவில்லை. நாகசாகி மாகாணத்தில் இசஹாயா என்ற இடத்தில் அவருடையதும் மனைவியுடையதும் என்று கருதப்படுகிற கல்லறை இருக்கிறது. மேலே உள்ள கல்லில் பௌத்த முறையில் எழுத்துகள். 2017இல் அங்கே தோண்டியபோது சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவை செபமாலையின் மணிகளாக இருக்கலாம் எனச் சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் என்ன செபம் நடந்தது என்று எங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது.

18 வருடம்

1614இல் கப்பல்கள் குருக்களை ஏற்றிக்கொண்டு போனபோது நாகவுரா ஏறவில்லை. சிமபரா தீபகற்பத்தில் குச்சினோட்சு என்ற துறைமுக ஊரை மையமாக வைத்து, கியூஷு முழுக்க ஒளித்துத் திரிந்தார். பகலில் ஒரு வீடு, இரவில் இன்னொரு வீடு. ஒப்புரவு கேட்பது, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பயந்துபோன சனத்தோட இருப்பது. பிந்திய காலத்தில் அவரால் நடக்க ஏலாமல் போக, விசுவாசிகளே அவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள் எனச் சொல்லப்படுகிறது. 1632இல் கொக்குராவில் பிடிபட்டார்.

ஒளிந்திருந்த காலம் 18 வருடம். பாப்பரசரின் பெரிய வரவேற்பைக் காய்ச்சலால் தவறவிட்ட பெடியன், ஒருத்தரும் பார்க்காத இடத்தில் செய்த வேலை அது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் நல்ல வடிவான பிரசங்கம் ஒன்று கிடைக்கும்: “பார், சின்னச் சின்ன விஷயத்தில் உண்மையாக இருந்தவர் பெரிய சோதனையில் நின்றார். நீயும் அப்படி இரு.” நானும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். பிறகு திகதிகளைத் திரும்பப் பார்த்தேன்.

ஃபெரெய்ராவும் 1614இல் கப்பல் ஏறவில்லை. அவரும் ஏறக்குறைய அதே 18, 19 வருடம் அதே மாதிரித்தான் ஒளித்திருந்து பணி செய்தவர். அதே பயம், அதே இரவுகள், அதே ஆபத்து. அதே நாளில் அதே குன்றில் தொங்கவிடப்பட்டார்கள். ஒருவர் 4ஆம் நாள் வரைக்கும் நின்றார். மற்றவர் 5 மணித்தியாலத்தில் விழுந்தார்.

அப்ப என்னுடைய வடிவான பாடம் உடைஞ்சுபோச்சு. “இவ்வளவு காலம் உண்மையாக இருந்தால் விழமாட்டாய்” என்ற கணக்கு இங்கே சரிவரவில்லை. பின்னால வந்தவர்களைப் பார்த்தாலும் இதுதான். ஃபெரெய்ராவின் வீழ்ச்சிக்குப் பரிகாரம் செய்யவேண்டும், அவரைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று சாகத் தயாராகவே குருக்கள் வந்தார்கள். 1637இல் வந்த மஸ்திரில்லி உயிரைக் கொடுத்தார். 1642இல் வந்த ருபினோவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். 1643இல் அதே எண்ணத்தோட வந்த அடுத்த குழு பிடிபட்டு, வதை தாங்காமல் மறுதலித்தது. அந்தக் குழுவில் இருந்த ஜுசேப்பே கியாராதான் ‘சைலன்ஸ்’ கதையின் இளம் குருவுக்கு முன்மாதிரி. எண்டோ ஷுசாகு அந்த நாவலை 1966இல் எழுதினார். ஒரே எண்ணம், ஒரே துணிவு, வேறு வேறு முடிவுகள்.

நிற்கிறேன் என்று நினைக்கிறவன் விழாதபடி பார்த்துக்கொள்ளட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எச்சரிக்கை எழுதினார். அதை நான் இதுவரை மற்றாக்களுக்குச் சொல்லுற வசனமாகத்தான் வைத்திருந்தேன். “அஞ்சு மணித்தியாலமோ?” என்று கேட்ட அந்த நண்பனை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. ஆனால் அந்தக் குழிக்கு மேலே 5 நிமிசம் தொங்கியவன்கூட எங்களில் ஒருத்தனும் இல்லை.

விழுந்த பிறகு

அப்ப இந்த வரலாறு எங்களுக்கு என்னதான் சொல்லுது? விழுந்ததைவிட, விழுந்த பிறகு நடந்ததைப் பார்க்கவேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஃபெரெய்ராவைக் குழியில் இருந்து எடுத்த அதிகாரிகள் சும்மா விடவில்லை. சவானோ சூவான் என்று யப்பானியப் பெயர் வைத்தார்கள். கொல்லப்பட்ட ஒருவருடைய விதவையைக் கட்டிவைத்தார்கள். 1636இல் கிறிஸ்தவத்தைப் பொய் என்று காட்டும் ஒரு நூல் அவர் பெயரில் எழுதப்பட்டது. பிடிபடும் கிறிஸ்தவர்களை விசாரிக்கும்போது மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒருமுறை விழுந்தவரை, திரும்ப எழும்ப ஏலாதபடி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழே தள்ளினார்கள். மறுபக்கத்தில் அவருடைய சபையும் அவரை நீக்கிவிட்டது. 1650இல் நாகசாகியில் இறந்தார். கடைசியில் மனம் திரும்பினார் என்று ஒரு கதை ஐரோப்பாவில் உலாவியது, ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மறுதலித்த பின் 17 வருடம். அந்த 17 வருடத்தில் அவர் திரும்பி வர ஒரு கதவும் இருக்கேல்ல.

இப்ப மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. குருக்கள் எல்லாரும் முடிந்த பிறகு, சாதாரண சனம் என்ன செய்தது?

நாகசாகிப் பகுதியில் சனம் ஒவ்வொரு வருடமும் அதிகாரிகள் முன்னால் வந்து, இயேசுவின் அல்லது மரியாளின் உருவம் பதித்த பலகையை மிதித்துக் காட்டவேண்டும். மிதிக்காதவன் கிறிஸ்தவன், அவன் குடும்பத்தோட தொலைஞ்சான். ஆகவே மிதித்தார்கள். வருடா வருடம், 200 வருடத்துக்கு மேல், தலைமுறை தலைமுறையாக. மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மனஸ்தாப மன்றாட்டைச் சொல்லி அழுதார்கள். குரு இல்லாத இடத்தில் உண்மையான மனஸ்தாபமே மன்னிப்பைக் கொண்டுவரும் என்று சொல்லும் ஒரு சிறு நூல், 1603இல் வெளிவந்ததாக அறியப்படுவது, கையெழுத்துப் பிரதிகளாக வீடு வீடாகப் பரவியிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க ஊரில் ஒருவர், திருநாள்களின் கணக்கை வைத்திருக்க இன்னொருவர். அவ்வளவுதான் அவர்களுடைய திருச்சபை.

ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் இல்லாமல் இருந்த எங்கட ஊர்ச் சனத்தின் கதை இதைக் கேட்கும்போது உங்களுக்கு ஞாபகம் வரும். 1687இல் கோவாவில் இருந்து யோசவ்வாஸ் முனிவர் மாறுவேசத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கும்வரைக்கும் கிட்டத்தட்ட 30 வருடம். யப்பானில் அது 200 வருடம்.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி என்ற ஊரில் இருந்து கொஞ்சப்பேர் வந்தார்கள். ஒரு பெண் பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவின் பக்கத்தில் வந்து, தங்கட மனமும் அவருடைய மனமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் மிதித்தவர்களின் பிள்ளைகளுடைய பிள்ளைகள்தான் அந்தப் பெண்ணும் கூட வந்தவர்களும்.

கதை அதோட முடியேல்ல. இனி ஒளிக்கமாட்டம் என்று உரகாமிச் சனம் முடிவெடுத்தது. தடை இன்னும் அமுலில் இருந்தது. 1867இல் இரவோடிரவாக முன்னணியில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய் வதைத்தார்கள். தாங்க ஏலாமல் கிட்டத்தட்ட எல்லாரும் மறுதலித்துவிட்டு வெளியே வந்தார்கள். தக்காகி செனெமொன் என்ற ஒரு கமக்காரர் மட்டும் மறுத்து நின்றார்.

மறுதலித்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நிம்மதி இல்லை. செனெமொனும் பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் நின்றதைக் கண்ட மற்றவர்கள் ஒவ்வொருவராக அதிகாரிகளிடம் திரும்பிப் போய், “நாங்கள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறம்” என்றார்கள். திரும்பப் பெற்றால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உடம்பில் காயம் ஆறியிருக்கவும் மாட்டாது.

பிறகு ஊர் முழுவதையுமே, 3,300க்கு மேற்பட்டவர்களை, பல திக்குகளுக்கு நாடுகடத்தினார்கள். 600க்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் சிலர் விழுந்தார்கள், சிலர் நின்றார்கள். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட, மிஞ்சினவர்கள் ஊர் திரும்பினார்கள். விழுந்தவர்களும் நின்றவர்களும் ஒரே ஊருக்குத்தான் திரும்பினார்கள், ஒரே ஆலயத்தைத்தான் கட்டினார்கள்.

இது திருச்சபைக்குப் புதிய கேள்வியும் இல்லை. கி.பி. 250இல் தேசியுஸ் பேரரசன் எல்லாரையும் பலி செலுத்தச் சொன்னபோது ஏராளமானவர்கள் விழுந்தார்கள். கலகம் ஓய்ந்த பிறகு அவர்கள் கதவைத் தட்டினார்கள். சேர்க்கவே கூடாது என்று ஒரு பக்கம். ஒன்றுமே நடக்காத மாதிரிச் சேர்த்துவிடு என்று இன்னொரு பக்கம். மனம் வருந்தித் தவம் செய்து திரும்பி வரட்டும், கதவை மூடாதீர்கள் என்ற வழியில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் நின்றார். விழுந்தது சின்ன விஷயம் என்று அவர் சொல்லவில்லை. விழுந்தவருக்குத் திரும்பி வரும் பாதை இல்லை என்பதைத்தான் ஏற்கவில்லை. பேதுருவும் யூதாசும் ஒரே இரவில்தான் விழுந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டு திரும்பி வந்தார்.

நாகவுரா ஜூலியனை 2008இல் நாகசாகியில் 187 வேதசாட்சிகளுடன் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்கள். அது நியாயம். அவரைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் எங்கட குழுவில், எங்கட பங்கில், எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது உரகாமிச் சனத்தின் பாடம் என்று நினைக்கிறேன். விழாமல் இருப்பதற்கு ஒருவரும் உத்தரவாதம் தர ஏலாது, 18 வருடப் பணிகூடத் தராது. ஆனால் விழுந்தவர் திரும்பி வரக்கூடிய ஒரு ஊரை வைத்திருப்பது எங்கட கையில இருக்கு. செனெமொன் வீட்டுக்கு வந்து மற்றவர்களைப் பார்த்து “நீங்கள் எத்தனை மணித்தியாலம் தாங்கினீங்கள்?” எண்டு கேட்டிருந்தால் ஒருத்தரும் திரும்பிப் போயிருக்கமாட்டினம்.

கடைசியாக ஒரு தகவல். நாடுகடத்தலில் இருந்து வந்த உரகாமிச் சனம் வறுமையிலேயே காசு சேர்த்து ஒரு காணி வாங்கினார்கள். பழைய கிராமத் தலைவரின் வளவு. தலைமுறை தலைமுறையாக அவர்களை வரிசையில் நிறுத்தி அந்தப் பலகையை மிதிக்க வைத்த அதே இடம். அதில்தான் உரகாமிப் பேராலயத்தைக் கட்டினார்கள். 1945 ஓகஸ்ட் 9இல் அணுகுண்டு அதை இடித்தது. அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். இப்போதும் அங்கே பூசை நடக்கிறது.

படம் பார்த்த இரவு, குருமடத்தில் இருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்த எங்கட நண்பனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. அவனுக்கு அழைப்பும் அனுப்பேல்ல. “சங்கடப்படுவான்” எண்டு நாங்களே முடிவெடுத்திட்டம். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கின கிழமை நான் அவனுக்குக் கோல் எடுத்தன். பெரிசா ஒண்டும் கதைக்கேல்ல. வேலை எப்பிடி, அம்மா சுகமோ, அவ்வளவுதான். வைக்கேக்க அவன் கேட்டான், “இப்பவும் வெள்ளிக்கிழமையிலதானோ சந்திக்கிறனீங்கள்?”

ஓம் எண்டன்.